அறுநூற்று நாற்பது அடி

காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர்
மூன்று புத்தர்களை வரிசையாக வைத்துக் காட்டினார்.
கண்மூடி மடியில் கைசேர்த்தவர், நிம்மதிக்கு.
உள்ளங்கை காட்டுகிறவர், பயம் போக.
வெறும் தலை: "இதுதான் இப்ப ஓட்டம் ஆச்சி,
ஓட்டல்காரங்க புல்லுல வைக்க வாங்கறாங்க."
உடம்பு எங்கே என்றேன்.
சிரித்துக்கொண்டே தூசி தட்டினார்.

பின்னால், எனாமல் அடுக்குச் சட்டிகளுக்கும்
முள் இல்லாத கடிகாரத்துக்கும் இடையில்
இன்னொருவர்.
இடக்கை மடியில். வலக்கை முழங்காலைத் தாண்டி வழிந்து
விரல் நுனியால் தரையைத் தொட்டபடி.
பர்மாக் கல் என்றார். கவிழ்த்துப் பார்த்தேன்,
அடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. சிமெண்டு.
"கையை ஏன் இப்படி வச்சிருக்காரு?"
"சாட்சிக்குக் கூப்பிடறாரு ஆச்சி.
உனக்கு யாரு சாட்சின்னு கேட்டாங்களாம்.
மண்ணைத் தொட்டாராம்."

பேரம் பேசவில்லை.

தேவகோட்டைக் கோர்ட்டில் என்னையும் கேட்டார்கள்.
கதவைச் சாத்திவிட்டு வயிரவன் பேசியதைக்
கேட்டவர் உண்டா,
வளையல்கள் பெட்டியிலிருந்து போனதைப்
பார்த்தவர் உண்டா.
கோட்டையூர்க் கடைசியில் புது மனைகள்.
பக்கத்து மனை காலி,
எதிர் மனையில் சீமைக்கருவேலம்.
கருவேலத்தைக் கூண்டில் ஏற்ற
எந்த வக்கீலும் சம்மதிக்கவில்லை.

அந்த வளையல்கள்தான் ஆழ்துளைக் கிணறாயின.
திருச்செங்கோட்டு லாரி இரண்டு ராத்திரி உறுமியது.
நானூறில் தூள். ஐநூறில் தூள்.
இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று
காலையில் வேட்டி வெள்ளையாகி நின்றார்.
அறுநூற்று நாற்பதில் லாரிக்காரன் சோறு கேட்டான்.
அடுத்த மாதம் ஒரு ராத்திரி பஸ்ஸில் போனார்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இவரும் அப்படிப் போனவர்தான்,
தூங்குகிறவளை எழுப்பாமல்.
லோடு ஆட்டோவில் ஏற்றும்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்,
அதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நாத்தனார் சிகப்பி போனில் வந்தாள்.
அந்தப் பக்கத்தில் இன்னும் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்தி.
"துறவி சிலை குடும்பத்துக்கு ஆகாது அண்ணமிண்டி,
வீடு வெறிச்சோடிப் போகும்."
போகட்டும் என்றேன்.
கோயில் வரிக் கணக்கில் நான் இப்போது என்ன புள்ளி என்று
எழுதுகிறவர்களுக்கே தெரியவில்லை.
அப்புறம் அவளே சொன்னாள்:
வைப்பதானால் ஈசானிய மூலை,
கிழக்கே பார்த்து,
குளியலறை கண்ணில் படக்கூடாது.

"எங்கம்மா இறக்கறது?"
ஆட்டோக்கார ஜபருல்லா மூச்சு வாங்கினார்.
காட்டினேன்.
"போர் குழாய் பக்கத்துலயா? அதுல தண்ணி இல்லையே?"
ஆமாம், அங்கேதான்.
இரண்டு செம்புறாங்கல் போட்டு உட்கார வைத்தோம்.
சற்றுத் தள்ளி, இன்னும் சற்று,
வலக்கை நடுவிரல்
இரும்பு மூடிமேல் வந்து அமரும்வரை.
'டங்' என்றது.
சத்தம் உள்ளே இறங்கிப் போயிற்று.
ஜபருல்லாவும் நானும் காத்திருந்தோம், எதற்கென்று தெரியாமல்.
திரும்பி வரவில்லை.

அவருக்கு மண் அதிர்ந்து பதில் சொன்னதாம்.
நல்ல மண் போலிருக்கிறது.
என்னுடையது அறுநூற்று நாற்பது அடி கேட்டும்
ஒரு சொட்டு சொல்லாத மண்.
ஆனாலும் அதற்குத் தெரியும்.
எத்தனை வளையல், எந்த ராத்திரி,
எல்லாம் அதற்குள்தான் போயின.

சிலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
நிமிர்த்த ஆள் வைக்கவில்லை.
ஐப்பசி மழைக்கு இடதுகையில்
இரண்டு கரண்டித் தண்ணீர் தேங்கியது.
ஒரு குளவி வந்து விளிம்பில் நின்று குடித்தது.

நேற்றுக் காலை பார்த்தால்
நெற்றியில் மூன்று விபூதிப் பட்டை,
காதில் ஒரு செம்பருத்தி.
பால்காரரைக் கேட்டேன். மீட்டர் ரீடரைக் கேட்டேன்.
பாத்திரம் தேய்க்கும் அங்கம்மாளைக் கேட்டேன்.
நான் இல்லை, நான் இல்லை, நான் இல்லவே இல்லை.

பார்த்தவர் யாரும் இல்லை.
அழிக்காமல் விட்டுவிட்டேன்.